கிடா முட்டியது என்று சொன்னேன்

மாசி 13, செவ்வாய்

இதைப் படிக்கிற புண்ணியவான் யாராக இருந்தாலும், நல்லா இருக்கீங்களா? சாப்பாடு ஆச்சா? வீட்டில் எல்லாரும் சுகந்தானே? உங்கள் பக்கம் மழை தண்ணி உண்டா? எங்கள் பக்கம் கார்த்திகையில் இரண்டு தூறல் போட்டதோடு வானம் கடையைச் சாத்திவிட்டது. நான் சுகமாக இல்லை. சுகமாக இருந்தால் இந்த வெயிலில் மல்லாக்கவும் படுக்க முடியாமல் குப்புறவும் படுக்க முடியாமல் ஒருக்களித்துக் கிடந்து எழுதிக்கொண்டிருப்பேனா.

என் பேர் இருளாண்டி. ஆட்டுக்கிடை போடுகிறவன். கிடை தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அறுவடை முடிந்த வயலில் ராத்திரி முழுக்க ஆடுகளை அடைத்து வைப்போம். புழுக்கையும் மூத்திரமும் அந்த மண்ணுக்கு உரம். ஒரு வயல் முடிந்தால் அடுத்த வயல், ஒரு ஊர் முடிந்தால் அடுத்த ஊர். நானும் அண்ணன் வாழவந்தானும் கூட்டு. வருசத்தில் பாதி நாள் எனக்கு வானம்தான் கூரை. பள்ளிக்கூடத்துப் பக்கம் நான் போனதில்லை. இந்த எழுத்து என் பெண்சாதி ராக்கு சொல்லிக் கொடுத்தது. அவள் ஐந்து வரை படித்தவள். கலியாணமான புதிதில் அடுப்புக்கரியால் தரையில் எழுதிக் காட்டினாள். நான் எழுதிய முதல் எழுத்தைப் பார்த்து ஆட்டுக்கொம்பு மாதிரி இருக்கிறது என்று சிரித்தாள். அது வேறு கதை.

குலசாமிக்குச் சிவராத்திரி கும்பிட ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தேன். நாளைக்குச் சிவராத்திரி. எங்கள் வகையறாவில் எல்லா ஆம்பிளைகளும் கையில் காப்புக் கட்டி விரதம் இருக்கிறோம். வந்தபோது கிடா ஒன்றையும் ஓட்டி வந்தேன். அதற்குக் குளம்பில் புண். பேர் ஜமீன். மந்தையில் பாதிக் குட்டி அதனுடையது. வீட்டுப் பின்னால் முருங்கை மரத்தில் கட்டியிருந்தேன்.

நேற்று மத்தியானம் அது முட்டிவிட்டது.

அண்ணன் காலையில் வந்து நான் நடக்கிற நடையைப் பார்த்தார்.

"எங்கடா முட்டுச்சு?"

"தொடையில."

"கட்டிக் கெடந்த கிடா எப்பிடிடா முட்டும்?"

"கயித்த அவுத்தேன், முட்டிருச்சு."

"தொடையில முட்டுனதுக்கா பிள்ள பெத்தவ மாதிரி நடக்குற?"

தெருவில் நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு ஒரு கல்லை எடுத்து எறிந்திருப்பேன். குனிய முடியவில்லை.

மாசி 14, புதன்

பொய் எழுதினால் கை கூசுகிறது. பேசும்போது கூசவில்லை. இது என்ன வியாதியோ.

கிடா முட்டவில்லை. அது பாட்டுக்கு அகத்திக்குழை தின்றுகொண்டிருந்தது.

நடந்ததைச் சொல்கிறேன். மகள் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். வீட்டில் நானும் ராக்குவும்தான். மூன்று மாதமாக நான் வீட்டுப்பக்கமே வரவில்லை. விரதம்தான். காப்புக் கட்டிய கைதான். அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அதற்கு மேல் எழுத மாட்டேன். கதவு சாத்தியிருந்தது, மத்தியானம், அவ்வளவுதான்.

எங்கள் தெருக்குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்று சாமிக்கே தெரியாது. திறந்துவிடுகிறவன் நினைத்தால் வரும். வந்தால் அரை மணி நேரம். அந்த அரை மணியைத் தவறவிட்டால் அடுத்த முறைக்கு நாலைந்து நாள் காத்திருக்க வேண்டும். அதனால் தண்ணீர் வந்ததும் தெருவே கத்தும். அன்றைக்கும் கத்தியது. "ராக்கு, தண்ணி வந்துருச்சு." மூன்று வீட்டுப் பெண்கள் ஒரே குரலில். ராக்கு திடுக்கிட்டு எழுந்தாள். எழுந்தவள் ஒரு பக்கமாகச் சாய்ந்தாள்.

ஒரு சத்தம் கேட்டது. பச்சை வெள்ளரிக்காயை இரண்டாக ஒடித்தால் கேட்குமே, அது. எனக்குக் கேட்டது, அவளுக்கும் கேட்டது. உயிர் போகிற வலி. அதுவரைக்கும் இருந்த விறைப்பு அந்த நொடியே இல்லாமல் போயிற்று.

"என்ன மச்சான்?" என்றாள்.

"ஒண்ணுமில்ல, போ. தண்ணியப் பிடி."

நான்தான் சொன்னேன். ஆனாலும் அவள் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாளே என்று இன்னும் எனக்குக் கோபம் ஆறவில்லை. புருசன் சுருண்டு கிடக்கிறான், இவள் எட்டுக் குடம் பிடித்துவிட்டு வருகிறாள். அந்தத் தண்ணீரைத்தான் இப்போது குடித்துக்கொண்டிருக்கிறேன் என்பது வேறு விசயம்.

அன்றைக்குப் பொழுது சாய்வதற்குள் வீங்கிவிட்டது. இப்போது கத்தரிக்காய் நிறம். நிறம் மட்டுமில்லை, உருவமும் அதுதான். இடது பக்கமாக வளைந்திருக்கிறது. ராக்கு பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஆசுபத்திரிக்குப் போவம் மச்சான்."

"போயி என்னன்னு சொல்ல? காப்புக் கட்டுன கையோட என்ன பண்ணேன்னு கேப்பான். சாமி குடுத்த தண்டனைடி இது."

"சாமிக்கு வேற சோலி இல்லையாக்கும்."

வெந்நீர் ஒத்தடம் கொடுத்துப் பார்த்தேன். வீக்கம் இன்னும் கூடியது.

அண்ணன் இன்னொரு செய்தியோடு வந்தார். "மனுசன முட்டுற கிடா மந்தையில இருக்கக் கூடாது. நாளைக்குச் சாமிக்கு ஜமீன வெட்டிருவோம்."  வேண்டாம் என்றால் ஏன் என்பார். ஏன் என்று கேட்டால் நான் எதைச் சொல்வேன்.

மாசி 15, வியாழன்

வெட்டியாயிற்று. இலையில் கறி வைத்தார்கள். எழுந்து வந்துவிட்டேன்.

மாசி 16, வெள்ளி

இன்றைக்குக் கட்டுப் போடுகிற வைத்தியரிடம் போனேன். மூன்று ஊர் தள்ளி இருக்கிறார். கை கால் ஒடிந்தால் இந்த வட்டாரத்தில் எல்லாரும் அவரிடம்தான் போவார்கள். முட்டை வெள்ளைக்கருவும் உளுந்துமாவும் குழைத்துப் பூசி, மூங்கில் தப்பை வைத்து, துணியால் இறுக்கிக் கட்டுவார்.

ஒடிந்த சத்தம் கேட்டதே, அதனால்தான் அவரிடம் போனேன். எலும்பு இல்லாமல் எப்படி ஒடியும்? நீங்கள் சிரிக்கலாம். நான் கண்ணால் பார்த்துச் சொல்கிறேன். எங்களிடம் வீரன் என்று ஒரு காவல் நாய் இருந்தது. கிடை காக்கிற நாய் என்றால் அதுதான். நரி வாடை பட்டால் மயிர் சிலிர்த்து நிற்கும், குரைக்காது, நேராகப் போய்க் கடிக்கும். அது செத்துப்போய்க் கம்மாய்க்கரையில் புதைத்தோம். மறு வருசம் கரையை மண்வெட்டியால் வெட்டியபோது அதன் எலும்பெல்லாம் வெளியே வந்தது. அதில் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு எலும்பு. எந்த இடத்து எலும்பு என்று யாருக்கும் புரியவில்லை. அண்ணன்தான் கண்டுபிடித்துச் சொன்னார். நாய்க்கு அந்த இடத்தில் எலும்பு உண்டு. கிடாவுக்கு இல்லை, அதுவும் தெரியும். ஆடு புல் தின்கிறது, நாய் கறி தின்கிறது, நானும் கறி தின்கிறவன். அப்படித்தான் கணக்குப் போட்டேன்.

வைத்தியரிடமும் முதலில் தொடை என்றுதான் சொன்னேன். அவர் தொடையைத் தடவிப் பார்த்தார்.

"இது கல்லு மாதிரி இருக்கே. எங்க ஒடஞ்சிருக்கு?"

ஆள் இல்லாத பக்கமாகக் கூட்டிப் போய்க் காட்டினேன். குனிந்து பார்த்தார். பிறகு, "நரம்பு பிசகிருக்கு அப்பு. கட்டுனாச் சரியாப் போகும்," என்றார். இரண்டு சின்னத் தப்பையைச் சீவினார். பூசினார், கட்டினார். வலியில் நான் கடித்த துண்டு கிழிந்துவிட்டது. ஒரு மண்டலம் அவிழ்க்கக் கூடாது என்றார்.

ஒரு மண்டலம் ஒன்றுக்குப் போகாமல் இருக்க முடியுமா என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

மாசி 17, சனி

ரத்தம்.

மாசி 20, செவ்வாய்

பெரிய ஆசுபத்திரியில் கட்டிலில் இருந்து எழுதுகிறேன். பக்கத்துக் கட்டில்காரர் இருமிக்கொண்டே இருக்கிறார். எதிர்க் கட்டில்காரர் தன் மருமகனைப் பற்றிச் சொன்னதையே சொல்லிக்கொண்டிருக்கிறார். அந்த மருமகன் கெட்டவன் இல்லை என்றுதான் எனக்குப் படுகிறது, இவர்தான் தொணதொணப்பு. அது கிடக்கட்டும்.

சனிக்கிழமை விடியக்காலையில் வீட்டுக்குப் பின்னால் ஒதுங்கினேன். வரவே இல்லை. முக்கிப் பார்த்தால் சொட்டுச் சொட்டாக வந்தது, சிவப்பாக. ராக்கு பின்னாலேயே வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை.

இத்தனை வருசத்தில் அவள் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை.

"கெளம்புங்க."

"சத்தம் போடாதடி, தெருவு கேக்கும்."

"கேக்கட்டும். நீங்க செத்தா தெருவா எனக்குச் சோறு போடும்? ஒரு ஆடு ஒழுங்கா ஒண்ணுக்குப் போகலைன்னா ராவோட ராவா டாக்டரக் கூட்டியாறீக. நீங்க ஆட்டுக்கும் கீழயா?"

 அவள் சொன்னது பொய்யில்லை. கிடாவை விலைக்குக் கேட்டு வருகிறவன் முன்னால் நாங்கள் அதைத் திருப்பிப் போட்டு, பத்துப் பேர் சுற்றி நிற்க, விதையைக் கையில் பிடித்துக் காட்டி, இப்படி இருக்கிறது, அப்படி இருக்கிறது என்று உரக்கச் சொல்லுவோம். அதற்கெல்லாம் வாய் வருகிறது. நமக்கென்று வந்தால் அந்த உறுப்புக்கு ஒரு மரியாதையான பேரே வாயில் வர மாட்டேன் என்கிறது. வருவதெல்லாம் வசவு. யாரைத் திட்டுவது என்று தெரியாமல் பஸ்ஸில் முன்சீட்டுக்காரனைத் திட்டினேன். அவன் சன்னலை மூடினான், அவ்வளவுதான் அவன் செய்த தப்பு.

ஆசுபத்திரியில் சீட்டு எழுதுகிற சன்னலில் நீள வரிசை. உள்ளே இருந்தவர் தலையை நிமிர்த்தாமல் கேட்டார்.

"என்ன பிரச்சினை?"

"தொடை."

"தொடையில என்ன?"

"கிடா முட்டிருச்சு."

எலும்புப் பிரிவு என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அவர் மேல் தப்பில்லை. எலும்புப் பிரிவில் போய் உட்கார்ந்தோம். கை ஒடிந்தவர்கள், கால் ஒடிந்தவர்கள், எல்லாரும் தைரியமாக எல்லாருக்கும் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு அவர்கள் மேல் பொறாமையாக இருந்தது. வெயில் ஏறிவிட்டது. வயிறு கல் மாதிரி ஆகிவிட்டது. மூத்திரம் முட்டுகிறது, வரவில்லை. வேர்த்து ஊற்றியது.

ராக்கு என் முகத்தைப் பார்த்தாள். சீட்டைப் பிடுங்கினாள். திரும்பவும் சன்னலுக்குப் போனாள். வரிசையில் நிற்கவில்லை. அங்கிருந்து அவள் பேசியது எனக்கே கேட்டது, மற்றவர்களுக்குக் கேட்காமலா இருந்திருக்கும்.

"எம் புருசனுக்கு ஆம்பளை உறுப்புல அடி பட்டிருக்கு. கறுத்து வீங்கியிருக்கு. ரத்தமா வருது, இப்ப ஒண்ணுக்கே போக முடியல. தொடைன்னு சொன்னது பொய். எங்க போகணும்?"

வரிசையே திரும்பிப் பார்த்தது. யாரோ ஒரு ஆள் களுக்கென்று சிரித்தான். அவள் திரும்பினாள்.

"சிரிக்கிறவுக வீட்டுலயும் ஆம்பளைக இருப்பாகள்ல. நாளைக்கு அவுகளுக்கு வந்தா எங்க போகணும்னு நீங்களும் கேட்டு வச்சுக்கங்க."

சன்னலில் இருந்தவர் எழுந்தே நின்றுவிட்டார். "அவசரப் பிரிவும்மா. நேரா உள்ள போங்க," என்று கையைக் காட்டினார். ஒரு ஆள் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தார். எனக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்தால் தேவலை என்றிருந்தது. அவள் மேல் அப்படி ஒரு கோபம். அந்தக் கோபம் இப்போது எங்கே போனது என்று தேடிப் பார்க்கிறேன், அகப்படவில்லை.

சிறுநீர்ப் பிரிவு டாக்டருக்கு நாற்பது வயசு இருக்கும். என் வேட்டியை விலக்கிப் பார்த்தார். கட்டைப் பார்த்தார். தப்பையைப் பார்த்தார்.

"இது யார் வேலை?"

சொன்னேன். கத்தரிக்கோலை வாங்கி வெட்டினார். தப்பையைக் குப்பைவாளியில் விட்டெறிந்தார். அவருக்கும் கோபம் வந்துவிட்டது என்று தெரிந்தது. என் மேலா, வைத்தியர் மேலா என்று தெரியவில்லை.

"சத்தம் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு சார்."

"உடனே தளர்ந்துருச்சா?"

"ஆமா."

"அப்புறம் வீக்கம், கலர் மாறினது, ஒரு பக்கமா வளைஞ்சது?"

"கூட இருந்து பாத்த மாதிரி கேக்குறீக."

"சீட்டுல கிடா முட்டுச்சுன்னு போட்டிருக்கே. கிடா முட்டினா இப்படி ஆகாதே."

நான் சுவரைப் பார்த்தேன். ராக்கு சொன்னாள்.

"கிடா இல்ல சார். நான்."

சிஸ்டர் திரும்பி நின்று மருந்து எடுக்கிற மாதிரி எதையோ எடுத்தார். டாக்டர் சிரிக்கவில்லை. "யாரும் யாரையும் ஒண்ணும் பண்ணலம்மா. இது தற்செயலா நடக்கறது. நல்லா வாழ்ற புருசன் பெண்டாட்டிக்குத்தான் நடக்கும்," என்றார்.

எலும்பு ஒடிந்துவிட்டது என்று நினைத்தேன் என்றேன். அங்கே எலும்பு ஏது என்றார். நாய்க்கு இருக்கிறது சார், நான் பார்த்திருக்கிறேன் என்றேன். 

"நாய்க்கு இருக்கு. வாஸ்தவம். உங்களுக்கு இல்ல."

அப்புறம் விளக்கினார். உள்ளே ரத்தம் நிரம்பினால் விறைக்கிற பை இருக்கிறது. அதைச் சுற்றி ஒரு கெட்டி உறை. விறைத்திருக்கும்போது திடீரென்று மடங்கினால் அந்த உறை கிழிந்துவிடும். கிழிகிற சத்தம்தான் எனக்குக் கேட்டது. கிழிந்த வழியே ரத்தம் கசிந்துதான் அந்த வீக்கமும் கறுப்பும். ரத்தமாகப் போனால், போகவே முடியாமல் இருந்தால், மூத்திரக் குழாயும் அடிபட்டிருக்கிறது என்று அர்த்தம்.

"சத்தம் கேட்ட அன்னைக்கே வந்திருக்கணும். ஒரு துணியில ஐஸ் சுத்தி மேல வச்சுக்கிட்டு நேரா ஆசுபத்திரிக்கு வர வேண்டியதுதான். உருவக் கூடாது, எண்ணெய் போட்டு நீவக் கூடாது, வெந்நீர் வைக்கக் கூடாது, கட்டவே கூடாது. சிலருக்கு இதெல்லாம் ஒண்ணா வராது. சத்தம் கேக்காமக்கூட இருக்கும், வலி கம்மியாக்கூட இருக்கும். வீங்கிக் கறுத்தாலே வந்துரணும்."

"இப்ப வந்தது லேட்டா சார்?" ராக்கு கேட்டாள். 

"லேட்டுதான். ஆனா வந்துட்டீங்க. தச்சிரலாம். ஆறு மாசம் கழிச்சு, வளைஞ்சு போயி, விறைக்காமப் போயி வர்றவங்க இருக்காங்க. பாதிப் பேரு வர்றதே இல்ல. பொண்டாட்டிய அவ அம்மா வீட்டுல விட்டுட்டு வெளியூருக்கு வேலைக்குப் போயிடறாங்க."

சாயங்காலம் தைத்தார்கள். உறையையும் குழாயையும். இப்போது ஒரு ரப்பர் குழாய் வழியாக மூத்திரம் பையில் போய் விழுகிறது. மஞ்சளாகத்தான் போகிறது. அதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

பழையபடி ஆகுமா என்று கேட்டேன். ஆறு வாரம் போகட்டும், அப்புறம் சொல்கிறேன் என்றார். அதுவரைக்கும் ஒன்றும் கூடாது. ராத்திரி தன்னால் விறைக்காமல் இருக்க ஒரு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். இப்படியும் ஒரு மாத்திரை இருக்கிறது உலகத்தில்.

மாசி 22, வியாழன்

அண்ணன் வந்தார். கையில் ஆரஞ்சுப்பழம். தொடையில்தானே முட்டியது, இந்தப் பை எதற்கு என்று கேட்டார். ராக்கு டீ வாங்கப் போகிறேன் என்று வெளியே போனாள். அவள் போனதும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். விரதம், தண்ணீர், சத்தம், எல்லாம்.

அவர் முகம் சிவந்தது.

"அப்ப ஜமீன் முட்டல?"

"முட்டல."

"ஏன்டா, குத்தமில்லாத உயிர எங் கையால வெட்ட வச்சியேடா. மந்தைக்கு இனிமே கிடாவுக்கு எங்கடா போறது? அது குட்டிக நின்னா ஒரு நிறமா நிக்குமே."

"நீங்க வெட்டுவீகன்னு நான் நெனைக்கல."

"நெனச்ச. நெனச்சுத்தான் வாய மூடிக்கிட்டு நின்ன."

உண்மைதான். நானும் விடவில்லை. "தெருவுல வச்சுப் பிள்ள பெத்தவன்னு கேலி பண்ணீகள்ல. உங்கட்ட எப்பிடிச் சொல்ல? சொன்னாச் சிரிப்பீக."

"சிரிப்பேன்டா. சிரிப்பு வந்தா சிரிக்கத்தான் செய்வேன். சிரிச்சுக்கிட்டே ஆட்டோவப் பிடிச்சிருப்பேன்ல. அஞ்சு நாளு வாய மூடிக்கிட்டு, தப்பையக் கட்டிக்கிட்டு ரத்தத்தப் பேண்டுக்கிட்டா கெடந்திருப்ப?"

"அங்கிட்டு இல்லண்ணே, இங்கிட்டு."

"எங்கிட்டோ."

பக்கத்துக் கட்டில்காரர் இருமலை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் ஆரஞ்சுப்பழத்தை உரித்தார். எனக்குக் கொடுக்கவில்லை. எல்லாச் சுளையையும் அவரே தின்றுவிட்டு, தோலைக் கட்டிலுக்கடியில் போட்டுவிட்டு, சாமிக்கு என்ன பரிகாரம் என்று பூசாரியிடம் கேட்பதாகச் சொல்லிப் போனார். வாசல் வரைக்கும் போனவர் திரும்பி வந்து, "வலிக்குதாடா?" என்றார்.

பங்குனி 9, ஞாயிறு

வீட்டுக்கு வந்தாயிற்று. குழாயை எடுத்துவிட்டார்கள். ஒன்றுக்கு நன்றாகப் போகிறது. இதை ஒரு செய்தியாக எழுத வேண்டி வந்த என் நேரத்தை நினைத்தால் எரிச்சல்தான் வருகிறது.

ஆட்டோ பிடித்து அந்த வைத்தியர் வீட்டுக்குப் போனேன். கத்தினேன். நாலு பேர் கூடிவிட்டார்கள்.

"அங்க எலும்பே இல்லையாம்ல. தெரியாமத்தான் தப்பை வச்சீகளா, தெரிஞ்சே வச்சீகளா?"

அவர் எழுந்திருக்கவில்லை. காலில் கட்டோடு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள், அவள் கட்டை முடிந்துகொண்டே சொன்னார்.

"எலும்பில்லன்னு எனக்குத் தெரியும் அப்பு. என்னன்னு தெரியல. தெரியலன்னு சொல்ல நாக்கு வரல. கண்ணுல தண்ணியோட நின்ன. வெறுங்கையா அனுப்ப மனசு வரல."

"அனுப்பியிருக்கணும்."

"அனுப்பியிருக்கணும்."

அவர் எதிர்த்துப் பேசுவார் என்று நினைத்து வழியெல்லாம் வசவைச் சேர்த்து வைத்திருந்தேன். அவ்வளவும் வாயிலேயே நின்றுவிட்டது. இனிமேல் இப்படி எவனாவது வந்தால் கையை வைக்காதீர்கள், பஸ் ஏற்றிவிடுங்கள் என்றேன். தலையை ஆட்டினார். நிசமாகச் செய்வாரா என்று தெரியாது. திரும்பி வருகிற வழியெல்லாம் ஆட்டோக்காரனிடம் கோபித்துக்கொண்டு வந்தேன்.

பங்குனி 18, செவ்வாய்

ராக்கு தனியாகப் பாய் போட்டுப் படுக்கிறாள். நான் ஏன் என்று கேட்கவில்லை. டாக்டர் சொன்னதற்காகத்தான் இருக்கும். இன்றைக்குத் தண்ணீர் வந்தது. தெரு கத்தியது. அவள் குடத்தைத் தொடவே இல்லை, அடுப்படியிலேயே உட்கார்ந்திருந்தாள். போடி, போய்ப் பிடி என்றேன். நான்தான் குடத்தை எடுத்துக் கொடுத்தேன். கனமானதைத் தூக்கக் கூடாது என்று என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டு போனாள். அழுதுகொண்டே போனாள். எதற்கு அழுகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. குடம் காலியாகத்தான் இருந்தது.

பங்குனி 26, புதன்

கிடைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அண்ணன் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் சீட்டு எழுதுகிற வரிசையில் எங்கள் பக்கத்து ஆள் ஒருவன் நின்றிருக்கிறான். ஊருக்கே தெரிந்துவிட்டது. கஞ்சி குடிக்க உட்கார்ந்தபோது ஒவ்வொருவனும் ஒரு கேலி. ஒருவன் ராத்திரி வீட்டில் எனக்குக் காவலுக்கு ஆள் வேண்டுமா என்றான். இன்னொருவன் ஆட்டுக்குட்டி மாதிரி என்னை மடியில் போட்டுத் தப்பை கட்டவா என்றான்.

கஞ்சிச்சட்டியைக் கீழே வைத்தேன். நின்றேன்.

"கேட்டுக்கங்கடா. சத்தம் வரும், வலி வரும், உடனே சுருங்கிரும், வீங்கிக் கறுக்கும். அப்பிடி ஆச்சுன்னா அன்னைக்கே பெரியாசுபத்திரிக்குப் போகணும். ஐஸ் வைக்கணும், கட்டக் கூடாது. நான் அஞ்சு நாளு பொய் சொல்லிக்கிட்டுக் கெடந்தேன். ஒரு கிடா செத்துச்சு. இப்ப சிரிங்க."

சிரிக்கத்தான் செய்தார்கள். கொஞ்சம் குறைவாக. அதற்கப்புறம் ஐஸ் எங்கே கிடைக்கும் என்று ஒருவன் கேட்டான். மீன்கடையில் கிடைக்கும்டா என்று இன்னொருவன் சொன்னான். அதோடு பேச்சு மீன் விலைக்குப் போய்விட்டது.

சித்திரை 3, புதன்

நேற்று ஆசுபத்திரிக்குப் போய் வந்தோம். டாக்டர் பார்த்தார். நன்றாகக் கூடியிருக்கிறதாம். கொஞ்சம் வளைவு இருக்கலாம், அதனால் தொந்தரவு இருக்காது, இருந்தால் வா என்றார். இனி வழக்கம்போல இருக்கலாம் என்றார். அதை என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, ராக்குவைப் பார்த்துச் சொன்னார். இவள் தலையைக் குனிந்துகொண்டாள். சன்னலில் நின்று அத்தனை பேர் முன்னால் கத்தினவள்தானா இவள் என்றிருந்தது.

இன்றைக்குக் காலையில் இருந்து எனக்கு வேலை ஓயவில்லை. கொட்டகைக் கூரையில் ஓலை செருகினேன். செருகிய ஓலையையே இன்னொரு தரம் எடுத்துச் செருகினேன். பக்கத்து வீட்டுக்காரன் வேலியை எங்கள் பக்கம் ஒரு முழம் தள்ளிப் போட்டிருக்கிறான், அவனோடு சண்டை போட்டேன். அவன் சண்டைக்கு வரவில்லை, அதுவும் எனக்கு ஆத்திரம். பிறகு புதுக் கிடா விசயம். அண்ணன் கிழக்கே ஒரு சந்தையில் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். ஜமீன் கால்தூசிக்கு ஆகாது. கொம்பு சரியில்லை, நெஞ்சு அகலம் போதாது. கிடா வாங்கும்போது முதலில் அது நிற்கிற நிலையைப் பார்க்க வேண்டும். முன்னங்காலை எப்படி ஊன்றுகிறது, தலையை எந்தப் பக்கம் வைக்கிறது, ஆளைக் கண்டால் ஒதுங்குகிறதா வருகிறதா. எங்கள் அப்பா காலத்தில் ஒரு கிடா வாங்கினார்கள், அது நிற்கிற நிலை ராசா மாதிரி, ஆனால் மந்தையில் விட்டால் ஒரு பெட்டையையும் ஏறிட்டுப் பார்க்காது. பயந்த கிடா. அதை என்ன செய்தோம் என்றால்

ராக்கு உள்ளேயிருந்து கூப்பிட்டாள். இந்தக் கிடா கதையை முடித்துவிட்டு வருகிறேன் என்றேன்.

மத்தியான வெயில் அடிக்கிறது. தெரு சும்மா கிடக்கிறது. கை வேர்க்கிறது, எழுத்து அழிகிறது. இந்த வெயிலுக்கு எல்லாருக்கும் வேர்க்கத்தான் செய்யும். அந்தக் கிடாவை நாங்கள் அடித்து விரட்டவில்லை. தனியாகக் கொஞ்ச நாள் மேய விட்டோம். ஒரே ஒரு பெட்டையோடு. அவசரப்படுத்தாமல். அப்புறம் அது

மறுபடியும் கூப்பிடுகிறாள். "மச்சான்" என்று. சத்தமாக இல்லை. கோபமாகவும் இல்லை. வருகிறேன்டி, இந்த ஒரு வரியை மட்டும் எழுதிவிட்டு